திரும்பி வந்த ஐம்பத்து மூன்று கிலோ

ஆடி மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை காலையில், பாறைக்குளம் கீழத்தெரு ரேஷன் கடையில் இருந்தவர்கள் இவர்கள்: அளவையில் ஒரு கிராமைக் கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள் என்று தாலுகா முழுதும் பெயரெடுத்த விற்பனையாளர் குழல்வாய்மொழி, அவளுக்கு மூட்டை பிரித்துக் கொடுக்கும் கட்டுநர் பலவேசம், சீனி வாங்குகிற சாக்கில் தம்பி பெண்டாட்டியின் முகம் வாடியிருக்கிறதா என்று பார்த்துப் போக வந்திருந்த நாத்தனார் ஆவுடையம்மாள், தையல்கடை ஜைத்தூன் பீவி, பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னும் வரிசைகளை நேராக்குவதை நிறுத்தாத எஸ்தர் டீச்சர், மலையடிவாரத்திலிருந்து நாலு மைல் நடந்து வந்து, களைப்பைக் காட்டாமல் மஞ்சள் பையை உதறிக்கொண்டு நின்ற பேச்சியம்மாள். இந்த ஆறு பேர்தான். தானும் அங்கே நின்றதாகப் பிற்பாடு சொல்லிக்கொண்டவர்கள் அறுபது பேருக்குக் குறையாது. அவர்கள் பேச்சை இந்தக் கதை ஏற்றுக்கொள்ளவில்லை.

பத்தேகால் மணிக்கு, குழல்வாய்மொழி ஒன்றரை ஆண்டில் இழந்திருந்த ஐம்பத்து மூன்று கிலோவும் கடைக்குள் நடந்து வந்தது. அறுவைச் சிகிச்சைக்குப் போன அன்று அவள் உடுத்தியிருந்த கிளிப்பச்சைப் பருத்திச் சேலையை உடுத்திக்கொண்டு, அவளுடைய பழைய முகத்தோடும் கழுத்தின் மூன்று மடிப்புகளோடும் முழங்கையில் விழும் குழியோடும், உருவத்தில் குன்றுபோலவும் நடையில் பஞ்சுபோலவும் வந்து, வரிசையில் கடைசி ஆளாகப் பேச்சியம்மாளின் பின்னால் நின்றது. எஸ்தர் டீச்சர் அதைத் தோளைப் பிடித்து அரை அடி இடப்புறம் நகர்த்தி வரிசையை நேராக்கினாள். ஆனால் அது தன் முறைக்குக் காத்திருக்கவில்லை, குடும்ப அட்டையை நீட்டவுமில்லை. நேராகப் போய் மூட்டை நிறுக்கும் மேடைத் தராசின்மேல் ஏறி நின்றது.

"அக்கா," என்றான் பலவேசம், எண்களைப் பார்த்து. "ஐம்பத்து மூணு. கிராம் சுத்தமா நிக்கி."

"இம்புட்டு நாளா எங்ஙனட்டி போயிருந்தே?" என்று ஆவுடையம்மாள் அதன் கன்னத்தைத் தடவிக் கேட்டாள். அது சத்தமில்லாமல் சிரித்தது.

"எங்ஙன போயிருந்தா நமக்கென்ன? எனக்கு அரிசியப் போடு தாயி, வெயில் ஏறுதுல்லா" என்றாள் பேச்சியம்மாள்.

பலவேசம் அதை இறக்கிவிட, குழல்வாய்மொழி அரிசியைப் போட்டாள். கண்ணை மட்டும் அதன் பக்கம் திருப்பவில்லை. இருபது கிலோ இருபது கிலோவாகவே இருந்தது.

அவள் அதைப் பார்க்க மறுத்ததற்குக் காரணம் இருந்தது. நூற்று முப்பத்தொரு கிலோவோடு திருநெல்வேலியில் ஓர் ஆஸ்பத்திரியில் படுத்து இரைப்பையைச் சுருக்கிக்கொண்டவள் அவள். அதற்கு முன் காலையும் மாலையும் இன்சுலின் ஊசி. படுத்தால் மூச்சு நின்று நின்று வருமென்பதால் முகத்தில் கட்டிக்கொண்டு உறங்க ஓர் இயந்திரம். கடையில் மூட்டைக்கு மூட்டை நகரும்போது இரண்டு முழங்காலும் அழுத அழுகை. அறுவைக்குப் பிறகு ஆஸ்பத்திரியார் சொன்னதைச் சட்டத்தைப்போல் கடைப்பிடித்தாள். சோற்றுக்கு முன் பயறு, இட்லிக்கு முன் முட்டை, உணவுக்கும் தண்ணீருக்கும் இடையில் அரைமணி நேரம், தினம் விழுங்க வேண்டிய மாத்திரைகள், காலையில் குளத்தங்கரையைச் சுற்றி நாலாயிரம் அடி. எடை இறங்கியது, ஊசி நின்றது, இயந்திரம் பரணுக்குப் போயிற்று. பதினெட்டாம் மாதம் எழுபத்தெட்டில் வந்து நின்ற முள், பதினோரு வாரம் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. பயற்றைக் குறைத்தாள், நடையைக் கூட்டினாள், ஒரு வாரம் மோரில் வாழ்ந்தாள், முள் அசையவில்லை. எல்லாருக்கும் இப்படி ஓரிடத்தில் நிற்கும் என்று ஆஸ்பத்திரியில் முன்பே சொல்லியிருந்தார்கள். ஆனால் கேட்டபோது அது மற்றவர்களைப் பற்றிய செய்தியாக இருந்தது. மதிப்பெண் குறைந்த பிள்ளை அட்டையை மறைப்பதுபோல அவள் மறுபார்வைக்குப் போவதை நிறுத்திக்கொண்டாள். அப்படி நிறுத்திய நாளிலிருந்து மூன்றாம் வாரம்தான் ஐம்பத்து மூன்று கிலோ வந்து வரிசையில் நின்றது.

கீழத்தெரு இந்த வருகையைப் பெரிதுபடுத்தவில்லை. முதல் வாரம் 'அது' என்றார்கள். இரண்டாம் வாரம் 'அவ' என்றார்கள். மூன்றாம் வாரம் 'பழைய மொழி' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அட்டையில் அவள் பெயரைச் சேர்க்க வேண்டுமா என்ற கேள்வி எழுந்து, அவள் எதுவும் உண்பதில்லை என்பதால் தள்ளுபடியாயிற்று. அம்மன் கோவில் கொடைவிழாவுக்குப் பந்தல் போட்டபோது காற்றில் எழும்பிய தார்ப்பாயின்மேல் அவளை உட்கார்த்தி வைத்தார்கள். அவள் உட்கார்ந்ததும் காற்று அடங்கியது. ஜைத்தூன் பீவி பெரிய அளவு ரவிக்கைகளைத் தைத்து அவளுக்குப் போட்டுப் பார்த்துத் தோள் இறங்குகிறதா என்று கண்டுபிடித்தாள். எஸ்தர் டீச்சர் வெளியூர் போகும்போது பெட்டியை மூட அவளைத்தான் கூப்பிட்டாள். குழல்வாய்மொழியின் கணவன், மின்வாரியத்தில் கம்பம் ஏறும் திருமலைக்குமார், ஏணியின் அடியில் அவளை நிறுத்திவிட்டு முன்னெப்போதையும்விடத் தைரியமாக ஏறினான்.

எல்லாரையும்விட அதிகப் பயன் பெற்றவன் பலவேசம். மாதத்தின் முதல் நாள், விநியோகம் தொடங்குமுன், இருபது கிலோ இரும்புக் கற்களைத் தூக்கி வைத்துத் தராசைச் சரிபார்ப்பது கடை வழக்கம். தானாக நடந்து வந்து ஏறி நின்று, கிராம் பிசகாமல் ஐம்பத்து மூன்றைக் காட்டிவிட்டுத் தானாக இறங்கிப் போகிற ஓர் எடைக்கல் கிடைத்த பிறகு, இரும்பைத் தூக்க அவனுக்கென்ன தலையெழுத்து? கற்கள் இரண்டையும் ஆவுடையம்மாள் தன் மாட்டுத் தொழுவத்தின் கூரைத் தகரம் பறக்காமலிருக்க வாங்கிக்கொண்டு போனாள்.

குழல்வாய்மொழிக்கு மட்டும் அவளைப் பார்க்கப் பிடிக்கவில்லை. பகல் முழுதும் கடை மூலையில் கோணிமேல் உட்கார்ந்திருந்துவிட்டு, மாலையில் மூன்றடி பின்னால் நடந்து வந்து, வீட்டு வாசலோடு நின்றுகொள்வாள் பழைய மொழி. உள்ளே வா என்று குழல்வாய்மொழி சொன்னதில்லை.

இவ்விடத்தில் தெருவின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ஒரு வீட்டிலிருந்து பண்டம் வந்த பாத்திரம் அந்த வீட்டுக்கு வெறுமையாகத் திரும்பக் கூடாது. ஒரு கரண்டிக் குழம்போ, ஒரு சிட்டிகைச் சீனியோ, ஒன்றுமே இல்லாவிட்டால் ஒரு கொத்துக் கறிவேப்பிலையோ அதில் இருக்க வேண்டும். இரண்டு வருடம் முகம் பார்த்துப் பேசாதிருந்த வீட்டுக்கும் கறிவேப்பிலை போட்டே கிண்ணத்தை அனுப்பியவள் ஆவுடையம்மாள். குழல்வாய்மொழி ஒரு கைப்பிடிதான் உண்ண முடியும் என்று தெரிந்த நாள் முதல் தெரு தன் பாத்திரங்களைச் சுருக்கிக்கொண்டது. உண்பது கொஞ்சமென்றால் அந்தக் கொஞ்சமாவது ருசியாக இருக்க வேண்டாமா என்பது தெருவின் நியாயம். எஸ்தர் டீச்சர் இரண்டே இரண்டு முந்திரிக்கொத்து அனுப்பினாள். ஜைத்தூன் பீவி, முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து வேகவைத்த வட்டலப்பம் உள்ளங்கையளவு அனுப்பினாள். ஆவுடையம்மாள், தன் தம்பி திருமலைக்குமாருக்குக் குழந்தையில் பால் புகட்டிய வெள்ளிக் கிண்ணத்தில், செவ்வாயும் வெள்ளியும் திரட்டுப்பால் கிண்டி அனுப்பினாள். ஒன்பது வீடு, ஒன்பது சிறிய கிண்ணம். அவற்றை நிரப்பித் திருப்ப ஒன்பது தரம் சமையல். சமையலுக்கு உப்புப் பார்க்க ஒன்பது தரம் நாக்கு. அமர்ந்து உண்டதை எல்லாம் அவள் நிறுத்தாள். நின்றுகொண்டு நக்கியதை நிறுக்கவில்லை.

ஐப்பசி முதல் நாள் பழைய மொழி தராசில் ஏறினாள். ஐம்பத்தொன்று புள்ளி இரண்டு.

"என்னக்கா இது?" என்றான் பலவேசம்.

"தராசுக்கும் வயசாகும்ல" என்றாள் குழல்வாய்மொழி, ரசீதுப் புத்தகத்திலிருந்து நிமிராமல்.

பதினேழு ஆண்டு வேலையில் அவள் சொன்ன முதல் பொய் அது. தராசின்மீது அபாண்டம் சொல்கிறோம் என்பது வாயிலிருந்து வந்த கணமே அவளுக்குத் தெரியும். அந்த ஒன்று புள்ளி எட்டு கிலோ எங்கே போயிற்று என்பதும் தெரியும். அன்று காலைதான் பாவாடை நாடாவை இரண்டு விரற்கடை தளர்த்தியிருந்தாள்.

கார்த்திகையில் நாற்பத்தொன்பது. மார்கழியில் நாற்பத்தாறு. பழைய மொழியின் கழுத்தில் ஒரு மடிப்பு காணாமற்போயிற்று. முழங்கைக் குழி தூர்ந்தது. கிளிப்பச்சைச் சேலையில் கொசுவம் கூடியது. தெருவே கலங்கிவிட்டது.

"மூலையில கோணிச்சாக்குல போட்டு வச்சிருந்தா தேறுவாளா? எலும்பு தெரியுது பாரு" என்று தெருவில் நின்று சத்தமிட்டாள் ஆவுடையம்மாள்.

"எங்க கடைக்கு வந்தப்போ நல்லா கொழுகொழுன்னு இருந்தா" என்று வருந்தினாள் ஜைத்தூன் பீவி. "அந்தப் பெரிய அளவு ரவிக்கை தொங்குதும்மா இப்போ."

ஆகவே, எதையும் உண்ணாத பழைய மொழிக்கென்று ஒன்பது வீட்டிலிருந்தும் அதே கிண்ணங்கள் இன்னொரு நடை வரத் தொடங்கின. அவள் அவற்றைப் பார்த்துச் சத்தமில்லாமல் சிரித்தாள். எறிய மனம் வராமல் குழல்வாய்மொழி வழித்து வாயில் போட்டுக்கொண்டாள். பழைய மொழி மேலும் மெலிந்தாள். தெரு மேலும் கிண்டியது.

ஆஸ்பத்திரியிலிருந்து உணவு ஆலோசகர் ரெனிட்டா இரண்டு தரம் கூப்பிட்டாள். மூன்றாம் தரம்தான் குழல்வாய்மொழி போனை எடுத்தாள்.

"அக்கா, ஆறு மாசமா ஆளையே காணோம்?"

"கடையில வேலை, டாக்டரம்மா."

"நான் டாக்டர் இல்லக்கா. ஒண்ணு சொல்லட்டுமா? இறங்கினவங்க எல்லாரும் ஸ்வீட் பாக்கெட்டோட வந்துடறாங்க. ஏறினவங்கதான் வர மாட்டேங்கிறாங்க. நாங்க உட்கார்ந்திருக்கிறதே ஏறினவங்களுக்காகத்தான்."

"நான் ஏறலியே" என்றாள் குழல்வாய்மொழி. ஜன்னலுக்கு வெளியே பழைய மொழி வாசற்படியருகே நின்று, மார்கழிக் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

போனை வைத்துவிட்டு அவள் வெளியே போனாள். தன் சால்வையை எடுத்து அந்த மெலிந்த தோள்களில் போர்த்தினாள். தொட்டது அதுதான் முதல் தடவை. அந்தத் தோள் அவள் தோள்தான். பதினேழு வயதில் தண்ணீர்க் குடம் தாங்கிய தோள், இரண்டு பிள்ளைகள் தலைசாய்த்து உறங்கிய தோள், நூறு கிலோ மூட்டையைப் பலவேசத்தோடு சரிக்குச் சரியாகப் பிடித்த தோள். வெட்டிக் கழித்துவிட்டோம் என்று இறுமாந்திருந்த உடம்பு, தனக்கு ஒரு தீங்கும் செய்யாமல், தெருவுக்குத் தார்ப்பாயும் ஏணியும் பெட்டியும் பிடித்துக்கொண்டு, வாசலுக்கு வெளியே மரியாதையாக நின்றிருக்கிறது. உள்ளே வர வேண்டுமென்று அது கேட்கவில்லை. உள்ளே இழுப்பது தான்தான். இப்படியே போனால் ஒரு நாள் அந்தச் சேலை மட்டும் வாசலில் கிடக்கும். பரணிலிருக்கும் இயந்திரம் இறங்கி வரும்.

"உன்னையும் காணாம அடிச்சு, என்னையும் கெடுத்துட்டிருக்கேன்" என்றாள் குழல்வாய்மொழி. பழைய மொழி அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

இவ்வளவு தெரிந்தும் அவள் மறுநாள் காலை ஜைத்தூனின் வட்டலப்பத்தை நின்றுகொண்டே தின்றாள். அறிவது ஒரு காரியம், நிறுத்துவது வேறு காரியம்.

தை மாதம் நெருங்கிற்று. பொங்கலுக்கு முன்னதாகவே அரிசியும் சீனியும் போட்டுவிட வேண்டுமென்று உத்தரவு வந்திருந்ததால், பலவேசம் முதல் தேதிக்குக் காத்திராமல் தராசைச் சோதித்தான். நாற்பத்திரண்டு. அவன் யாரையும் கேட்கவில்லை. பதினோரு கிலோ தப்பாகக் காட்டும் தராசில் மக்களுக்கு அளப்பது பாவம் என்று சொல்லி, மேலிடத்துக்குப் போன் செய்தான். மறுநாள் ஒரு வண்டி வந்து தராசைத் தூக்கிப் போயிற்று. கடை மூடியது.

குழல்வாய்மொழி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த வண்டி வெறுமையாகத் திரும்பியிருக்கும். அவள் சொல்லவில்லை.

முதல் நாள் பேச்சியம்மாள் நாலு மைல் நடந்து வந்தாள். "தராசு இல்லியா? சரி." இரண்டாம் நாளும் வந்தாள். "இன்னைக்கும் இல்லியா?" மூன்றாம் நாள் அவள் ஒன்றும் கேட்கவில்லை. பூட்டிய கதவின் முன் நின்று, மஞ்சள் பையை உதறி, நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, வந்த வழியே நடந்தாள். உள்ளே இருளில் பழைய மொழியோடு உட்கார்ந்திருந்த குழல்வாய்மொழி, கதவிடுக்கு வழியே அந்த மடித்த பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெறும் பையோடு தன் கடையிலிருந்து எவரையும் அனுப்பியதில்லை என்பதுதான் அவள் வாழ்க்கையில் வைத்திருந்த ஒரே கர்வம்.

பொங்கலுக்கு மூன்று நாள் இருக்கையில் தராசு திரும்பி வந்தது. கொண்டு வந்த பழுது பார்ப்பவன், "இதுல ஒரு கோளாறும் இல்ல, யாரு சொன்னது?" என்று கேட்டுவிட்டுப் போனான். செய்தி பரவி, கடை நிரம்பியது. முன்வரிசையில் பழைய ஆட்கள்: ஆவுடையம்மாள், ஜைத்தூன் பீவி, எஸ்தர் டீச்சர், ஆள் விட்டுச் சொல்லி வரவழைத்த பேச்சியம்மாள். பலவேசம் பழைய மொழியைக் கைபிடித்து ஏற்றினான். நாற்பத்திரண்டு.

"திரும்பவும் அதே கதைதான்!" என்று தலையிலடித்துக்கொண்டான் அவன்.

"தராசு சரியாத்தான் இருக்கு, பலவேசம்" என்றாள் குழல்வாய்மொழி. "இறக்கு அவளை."

அவள் செருப்பைக் கழற்றினாள். எழுபத்தெட்டில் முள் நின்றபோது கடைசியாக ஏறியவள், ஊருக்கெல்லாம் நிறுத்துக் கொடுத்தவள், ஊரே பார்க்க மேடைமேல் ஏறி நின்றாள். எண்பத்தொன்பது.

எஸ்தர் டீச்சர்தான் முதலில் மனக்கணக்குப் போட்டாள்; உதடு அசைந்து நின்றது. நாற்பத்திரண்டும் எண்பத்தொன்பதும் நூற்று முப்பத்தொன்று.

"அவகிட்ட குறைஞ்சது எல்லாம் எங்கிட்ட இருக்கு" என்றாள் குழல்வாய்மொழி, இறங்காமலே. "ஐப்பசியிலேயே எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே தராசு மேல பழி போட்டேன். பேச்சியம்மா, மூணு நாள் உங்கள நடக்கவச்சது தராசு இல்ல, நான்தான்."

பேச்சியம்மாள் பையை உதறினாள். "சரி தாயி. அதான் ஏறி நின்னுட்டியே. இறங்கி அரிசியப் போடு" என்றாள்.

அவள் போட்டாள், இருபது, இருபதாகவே. பேச்சியம்மாளின் பை நிறைந்த பிறகு, மேசையடியிலிருந்து ஒரு பிரம்புக் கூடையை எடுத்து வைத்தாள். அதில் ஒன்பது கிண்ணங்கள் இருந்தன, புளி போட்டுத் துலக்கி, துடைத்து, காய்ந்து, பளபளவென்று. ஒன்றிலும் ஒரு கறிவேப்பிலை இல்லை. சண்டையிலும் சாவிலும் கூட நடக்காத ஒன்று நடந்துகொண்டிருப்பது அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் புரிந்தது.

"இனிமே அனுப்பாதீங்க" என்றாள் அவள். "எனக்கும் வேண்டாம், அவளுக்கும் வேண்டாம். நீங்க ஆசையா குடுத்தது. குடுத்ததுல தப்பில்ல. நான் நிரப்பித் திருப்பினாத்தான் நீங்களும் நிரப்பி அனுப்புவீங்க. அதான் வெறுங்கிண்ணமாக் குடுக்கேன். கோவிச்சுக்காதீங்கன்னு சொல்ல மாட்டேன். கோவம் வரத்தான் செய்யும்."

ஜைத்தூன் பீவி தன் கிண்ணத்தை எடுத்து, உள்ளே ஒருமுறை பார்த்து, "அல்லா, என்னமா துலக்கியிருக்கே! வாரத்துக்கு ஒரு நாள் என் பாத்திரத்தையும் துலக்கிக் குடேன்" என்றாள். யாரோ சிரித்தார்கள். எஸ்தர் டீச்சர் தன்னுடையதை எடுத்துக்கொண்டு, "காலையில குளத்தங்கரைக்கு நானும் வர்றேன், மொழி. ஐந்தரைக்கு. லேட்டா வந்தா வெளியே நிற்க வைப்பேன்" என்றாள். ஒவ்வொருவராக எடுத்தார்கள். சிலர் முகம் கோணி எடுத்தார்கள். கூடையில் வெள்ளிக் கிண்ணம் மட்டும் மிஞ்சியது.

ஆவுடையம்மாள் அசையவில்லை. இரண்டு ஆண்டுக்கு முன், இவள் மயக்கத்தில் கிடந்த நாலு மணி நேரமும், அறுவை அரங்குக்கு வெளியே பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் உட்கார்ந்திருந்தவள் அவள். ஓரிடத்தைவிட்டுப் போகும்போது கடைசிச் சொல் தன்னுடையதாக இல்லாமல் போனதே இல்லை. அதுவும் ஒன்று அல்ல, மூன்று. வாசலில் ஒன்று, படியில் ஒன்று, தெருவில் திரும்பி நின்று ஒன்று.

"மைனி," என்றாள் குழல்வாய்மொழி, இப்போதுதான் குரல் தணிந்து, "பதினொண்ணு பத்து பஸ்ஸுக்கு ஆஸ்பத்திரிக்குப் போறேன். ரெனிட்டாகிட்ட சொல்லிட்டேன், பதினோரு கிலோன்னு. மிச்ச கார்டை பலவேசம் பாத்துக்கிடுவான். இவளையும் கூட்டிட்டுத்தான் போறேன். கூட ஒரு ஆள் வரணும்னு அங்கே சொல்லுவாங்க. யாருமில்லாட்டா தனியாப் போயிக்கிடுவேன்."

பழைய மொழி கோணியிலிருந்து எழுந்து, சால்வையைச் சரிசெய்துகொண்டு, குழல்வாய்மொழியின் மூன்றடி பின்னால் போய் நின்றாள்.

எல்லாரும் ஆவுடையம்மாளின் வாயைப் பார்த்தார்கள். பலவேசம், விழப்போகிற அடிக்குத் தயாராகிறவன்போல், மூட்டையின் பின்னால் சற்றே குனிந்துகொண்டான். அவள் கூடைக்கு அருகே வந்தாள். வெள்ளிக் கிண்ணத்தை எடுத்துக் கவிழ்த்தாள், நிமிர்த்தினாள், அதன் வெறுமையை விரலால் ஒரு சுற்று வழித்துப் பார்த்தாள். முந்தானை நுனியில் அதை முடிந்து இடுப்பில் செருகினாள். பிறகு சீனிப் பையைப் பலவேசத்தின் மேசையில் விட்டுவிட்டு, வாசலில் ஒன்றும் சொல்லாமல், படியில் ஒன்றும் சொல்லாமல், தெருவில் திரும்பியும் நிற்காமல், வடக்கே இருக்கிற தன் வீட்டுக்குப் போகாமல், தெற்கே பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.